பீரோவைத் தாண்டி ஒரு பவுண்டரி

நாற்பதைத் தாண்டியவன் வீடியோ கேம் விளையாடினால் ஊர் என்ன சொல்லும் என்பது இரண்டாவது கவலை. முதல் கவலை முதுகு. காலையிலிருந்து மாலை வரை அலுவலக வேலை பார்த்த அதே மேசை, அதே நாற்காலி, அதே மானிட்டர். ராத்திரியும் அதில் உட்கார்ந்து கிரிக்கெட் ஆடினால் அதற்குப் பெயர் விளையாட்டு இல்லை, ஓவர்டைம்.

ஹாலில் 55 அங்குல டிவி இருக்கிறது. எதிரே சோபா. கணினி இருக்கும் உள்ளறைக்கும் அந்த டிவிக்கும் நடுவே ஒரு சுவர், ஒரு பீரோ, என்னையும் சேர்த்து நாலு பேர் கொண்ட ஒரு குடும்பம். கணினியில் ஓடும் ஆட்டம் டிவியில் தெரிய வேண்டும், நான் சோபாவில் சாய்ந்துகொண்டு ஆட வேண்டும். கேட்டது இவ்வளவுதான். “கம்ப்யூட்டரையே ஹாலுக்குத் தூக்கிட்டு வந்தா என்ன?” என்று யோசனை சொல்பவர்கள், அதை என் மனைவியிடம் நேரில் சொல்லிப் பார்க்கலாம். நான் சொல்லிப் பார்த்தாயிற்று.

ஆட்டம் என்றது ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் 2006 கடைசியில் வெளியிட்ட ‘கிரிக்கெட் 07’. அதற்குப் பிறகு கணினிக் கிரிக்கெட் பக்கமே அந்த நிறுவனம் தலைவைத்துப் படுக்கவில்லை. நம் ஆட்கள்தான் விடவில்லை. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும்தான் முறைப்படி உரிமம் வாங்கியிருந்தார்கள் என்பதால், இந்திய வீரர்களின் பெயர்கள் அதில் ரேஷன் கார்டில் ஏறிய பெயர்களைப்போல இருக்கும். யாரென்று புரியும், எழுத்துதான் வேறு. ரசிகர்கள் அதையெல்லாம் தாங்களே திருத்தி, புதுச் சட்டை மாட்டிவிட்டு, ஐ.பி.எல். அணிகளையும் உள்ளே சேர்த்து ‘பேட்ச்’ போட்டு இன்றுவரை ஓட்டுகிறார்கள். “இந்த கேமுக்கு எதுக்கு மாமா இவ்ளோ பெரிய டிவி?” என்றான் அக்கா மகன். பழைய 4:3 படத்தை அகல டிவியில் இழுத்துப் போட்டால் வேகப்பந்து வீச்சாளர்கள் எல்லாரும் குண்டாகிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். அதனால் அவர்கள் வேகம் குறைவதில்லை என்பதைத்தான் நான் கவனிக்க வேண்டியிருக்கிறது.

இதில் எரிச்சல் என்னவென்றால், 1990களில் இது ஒரு பிரச்சினையே இல்லை. பர்மா பஜாரில் வாங்கிவந்த ‘டிவி கேம்’ ஒன்று இருந்தது. ஜப்பானிய நின்டெண்டோவின் நகல். ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு இதன் ஒயரைச் செருகி, காலியாக இருக்கும் சேனலில் ட்யூன் பண்ணினால் மரியோ ஓடிவருவார். அந்தப் பெட்டிக்குள் இருந்த ஆர்.எஃப். மாடுலேட்டர், படத்தை டிவி சேனலாகவே மாற்றித் தரும். அதாவது நம் வீட்டுக்கென்று ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையம். கேபிள்காரர் போட்டுவைத்திருக்கும் ஸ்ப்ளிட்டரில் அதைக் கொடுத்தால் அடுத்த அறை டிவியிலும் அதே மரியோ. தாமதமும் கிடையாது, பழைய குண்டு டிவி, வந்த சிக்னலை வந்த கையோடு திரையில் வீசிவிடும், யோசிக்காது. படம் புள்ளிபுள்ளியாகத்தான் இருந்தது. ஆனால் பொத்தானை அழுத்தினால் மரியோ அப்போதே குதித்தார்.

சரி, இப்போதும் ஒயரே போடுவோம் என்று ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். 15 மீட்டர் எச்.டி.எம்.ஐ. கேபிள் என்றதும் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“எதுக்கு சார், கல்யாண மண்டபமா?”

“வீட்டுக்குத்தாங்க.”

“ஃபோர் கே வேணும்னா செம்பு ஒயர்ல அஞ்சு மீட்டருக்கு மேல நம்பாதீங்க சார். ஆப்டிகல் எடுத்துக்குங்க. ஆனா இதுக்குத் தலை வேற, வால் வேற. மாத்திச் செருகுனா படம் வராது.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சாதாரண 1080 படத்திலேயே இருபது லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட். இதை நொடிக்கு 60 தடவை அனுப்ப வேண்டும். பெருக்கினால் நொடிக்குக் கிட்டத்தட்ட 300 கோடி பிட். ஃபோர் கே என்றால் அதைப்போல் நாலு மடங்கு. அந்த வேகத்தில் செம்புக்கம்பியில் சில மீட்டர் போவதற்குள்ளேயே சிக்னல் மூச்சு வாங்கிவிடும். ஆப்டிகல் கேபிளின் ஒரு முனையில் மின்சாரத்தை ஒளியாக்கும் சில்லும், மறுமுனையில் ஒளியை மின்சாரமாக்கும் சில்லும் இருக்கின்றன. தலை, வால் என்று அவர் சொன்னது அதைத்தான். வாங்கிவிட்டேன்.

ஒயர் வெளியே தெரியக்கூடாது என்பது வீட்டில் போட்ட ஒரே நிபந்தனை. சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் பழைய கேபிள் டிவி பைப்பில் இழுத்துவிடலாம் என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் ஒயரின் முனையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்தத் தலை பைப்புக்குள்ள போகாது சார். பெண்டுல மாட்டிக்கும்.”

“வேற வழி?”

“வெட்டிட்டு, உள்ள இழுத்துட்டு, அந்தாண்ட ஜாயின்ட் அடிச்சு டேப்பு சுத்திடலாம்.”

சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிளிலேயே தலைக்கு 19 முள், இதில் கண்ணாடி இழை வேறு, ஜாயின்ட் அடிக்க முடியாது என்றேன். “கண்ணாடியா?” என்று கேட்டுவிட்டு, கேபிளை மெதுவாக, மரியாதையுடன், கீழே வைத்தார். போகும்போது என் மனைவியிடம் “சாரு கண்ணாடி ஒயர் வாங்கியிருக்காரு, பாத்து” என்று சொல்லிவிட்டுப் போனதாகத் தகவல்.

ஆகவே காற்றுவழி.

இந்த அரிப்பு எனக்கு மட்டும் உள்ளது இல்லை என்று தெரிந்தபோது ஆறுதலாக இருந்தது. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் இதற்கென்றே ‘ஸ்டீம் லிங்க்’ என்று ஒரு குட்டிப் பெட்டியை 2015இல் 50 டாலருக்கு விற்றது. 2018இல் பெட்டியை நிறுத்திவிட்டு, செயலியாக ஆக்கிவிட்டது. அதற்கும் முன்னால், 2013இல், கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் எழுதத் தொடங்கியதுதான் இன்று ‘மூன்லைட்’ என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் தந்திரம் ஒன்றுதான்: கணினி தன் திரையை நொடிக்கு 60 தடவை படம் பிடித்து, அந்த 300 கோடி பிட்டை 2 கோடி அளவுக்கு நசுக்கி, வைஃபையில் அனுப்பும். டிவி அதைப் பிரித்துக் காட்டும்.

எல்லாம் சரி. கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் அம்மாவின் பீரோ நிற்கிறது. சீதனமாக வந்த இரும்பு பீரோ, கதவில் ஆளுயரக் கண்ணாடி. வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்குச் செங்கல் சுவரே கஷ்டம். இரும்புத் தகடு என்றால் கும்பிடு போட்டுத் திரும்பிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைக் கொஞ்சம் நன்றாகவே தாண்டும். ஆனால் அக்கம்பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் அதே அலைவரிசையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் 2.45 கிகாஹெர்ட்ஸில். மனைவி பால் சூடு பண்ணினால் எனக்கு விக்கெட் விழும்.

பீரோவை நகர்த்தச் சொல்லி அம்மாவிடம் பேச்சுவார்த்தை நடத்தினேன்.

“அது கன்னி மூலைடா. அங்கதான் இருக்கணும்.”

“கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளிக்கலாம்மா.”

“அது வாயு மூலை. அங்க வச்சா காசு காத்தா பறந்துடும்.”

“வைஃபையும் காத்துலதாம்மா வருது.”

“அப்ப அதைக் கொண்டுபோய் வாயு மூலைல வையேன்.”

வைத்தேன். அங்கிருந்து பார்த்தால் திறந்த கதவு வழியாகக் கணினி நேராகத் தெரிகிறது. பீரோ குறுக்கே வரவில்லை. சிக்னல் கிடுகிடுவென்று ஏறியது. இந்த விஷயத்தை அம்மாவிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

படம் வந்தது. அழகாக வந்தது. சச்சினை நினைத்துக்கொண்டு கவர் டிரைவ் ஆடினேன். ஸ்டம்பு பறந்தது, அதன் பிறகு மட்டை, பந்து போயிருக்க வேண்டிய திசையை நோக்கி மிக நேர்த்தியாக, பாடப்புத்தகத்தில் போடும் அளவுக்கு, வீசப்பட்டது. சோபாவின் ஓரத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: “ஏண்டா, அவுட் ஆனப்புறம் எதுக்கு அடிக்கிறான்?”

இதற்கு விளக்கம் இருக்கிறது. நான் அழுத்தும் பொத்தான் முதலில் டிவிக்குப் போகிறது, அங்கிருந்து வைஃபையில் கணினிக்கு. கணினி மட்டையை அசைத்து, படம் வரைந்து, நசுக்கி, திருப்பி அனுப்புகிறது. டிவியோ வந்த படத்தை அப்படியே காட்டுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறது; நிறத்தைக் கூட்டி, அசைவை வழவழப்பாக்கி, அலங்காரம் எல்லாம் முடித்துத்தான் வெளியே விடும். எல்லாம் சேர்ந்து நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது என்று வையுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும். 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அந்த நேரத்தில் கிட்டத்தட்ட 4 மீட்டர் வந்துவிடும். நிஜ மட்டையாளருக்கே மொத்தமாகக் கிடைப்பது அரை நொடிகூட இல்லை. குட் லெங்த்தில் விழுவதாக நான் பார்க்கும் பந்து, உள்ளறையில் ஏற்கெனவே என் காலடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் நான் ஆடிக்கொண்டிருந்தது நேரலை இல்லை, ஹைலைட்ஸ்.

இந்த விளக்கத்தை முழுவதும் கேட்டுவிட்டு, “முன்னாடியே அடிச்சுத் தொலைய வேண்டியதுதானே” என்றாள் அம்மா. அப்படித்தான் பலரும் செய்கிறார்கள் என்பதைக் குறிப்பிட்டுவிடுகிறேன்.

மறுபடி எலெக்ட்ரீஷியன். இந்த முறை கேட்-6 நெட்வொர்க் கேபிள். இதன் அருமை என்னவென்றால், தலையில்லாமலே பைப்புக்குள் இழுத்துவிட்டு, வெளியே வந்த பிறகு முனையில் தலையைக் கிரிம்ப் பண்ணிக்கொள்ளலாம். 100 மீட்டர் வரை போகும். வைஃபையைப்போல மூடுக்குத் தகுந்தபடி நடந்துகொள்ளாது. “இதை மொதல்லயே சொல்லியிருந்தா அன்னிக்கே முடிச்சிருப்பேனே சார்” என்றார். டிவியில் ‘கேம் மோடு’ என்பதைத் தேடி எடுத்துப் போட்டதும் அலங்காரங்கள் நின்றன. பந்தும் மட்டையும் முதன்முறையாக ஒரே சமயத்தில் சந்தித்தன. நாலு ரன்.

அந்த நாலோடு திரை கறுத்தது.

அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உள்ளறைப் பக்கம் போனவர் கண்ட காட்சி: ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, கணினியில் கிரிக்கெட் தானாகவே நடக்கிறது. பேய் என்றுகூட அவர் நினைத்திருக்கலாம். ஆனால் பேயாக இருந்தாலும் கரண்ட் பில் பேயா கட்டப்போகிறது? சுவர் சுவிட்சை அணைத்துவிட்டார்.

“அப்பா, நான் ஹால்ல ஆடிட்டிருந்தேன்.”

“நீ ஹால்ல ஆடுனா இங்க எதுக்கு ஓடுது?”

“இங்க ஓடுறதுதான் அங்க தெரியுது.”

“முதல் நூறு யூனிட்டு சும்மா தர்றாங்கன்னா ரெண்டு ரூம்லயும் ஓட்டுறதா?”

வீடு முழுக்கக் கேட்கும் ஒரு விவாதத்துக்குப் பிறகு, தன் சர்வீஸிலிருந்து ஒரு விதியை எடுத்துப் போட்டார். ஓடுகிற இயந்திரத்தின் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். அந்த ஆளாக அவரே இருக்கச் சம்மதித்தார். ஆக, இப்போது நான் ஹாலில் ஃபேன் காற்றில் ஆடுகிறேன். அப்பா உள்ளறையில், என் நாற்காலியில், ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு மேற்பார்வை செய்கிறார். ஏ.சி.க்கு அந்த நூறு யூனிட் கணக்கு பொருந்தாது போலிருக்கிறது, நான் கேட்கவில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு தொழில்நுட்பச் சங்கடம் உண்டு. நசுக்குவதும் பிரிப்பதும் இல்லாமல் மானிட்டரில் ஆட்டம் நேராகத் தெரிவதால், எனக்கு முன்பே அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. அடுத்த வீட்டில் டிஷ் வைத்திருப்பவர்கள் கத்திய பிறகு நம் போனில் சிக்ஸர் வருமே, அந்தக் கதை. உள்ளறையிலிருந்து “அவுட்!” என்று குரல் வரும், அடுத்து எனக்கு ஸ்டம்பு பறக்கும்.

கேட்-6 போட்ட பிறகும் இது ஏன் குறையவில்லை என்று எழுந்துபோய்ப் பார்த்தேன். கேபிளில் குறை எதுவும் இல்லை. பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கும்போதே அப்பா சொல்லிவிடுகிறார்.