மைனஸ் ஒன்றின் பெருமை: ஒரு விசாரணை

−1 பெரிதா, 1 பெரிதா என்னும் வினாவை எளிதென்று கருதிய பள்ளி ஆசிரியர்கள், அதை நடுநிலை வகுப்போடு கைகழுவிவிட்டனர். சி மொழி வல்லார் அப்படி விடவில்லை. இவ்வினாவுக்குச் சரியான விடை 'எந்தக் கம்பைலரில்?' என்னும் எதிர்வினாவே என நிறுவுவது இவ்வாய்வின் நோக்கம்.

முதற்சான்று. 32 பிட் இன்ட் உள்ள கணினியில் குறியுள்ள −1ஐயும் குறியில்லாத இன்ட் 1ஐயும் மோதவிட்டால் −1 வெல்லும். என்னை? இருவரும் சம அளவினராயின் குறியுள்ளவர் குறியைத் துறந்தே களம் புகவேண்டும் என்பது சி விதி ஆகலின். துறந்த கணத்தில் −1, 4294967295 ஆகிவிடுகிறது. ஒரு ரூபாய் கடனாளி ஊர் மாறியதும் 429 கோடிக்கு அதிபதியானது போல என்க.

அஃதேல், குறியில்லார் யாவர் முன்னும் −1 வெல்லுமோ எனின், வெல்லாது. எதிரே நிற்பது குறியில்லாத ஷார்ட் என்றால், அது முதலில் சாதாரண இன்டாக உயர்த்தப்படும். −1 பழையபடி தோற்கும். ஆனால் டர்போ சியில் இன்ட்டும் ஷார்ட்டும் 16 பிட். அங்கே அதே ஷார்ட் குறியில்லாத இன்டாகவே உயரும். −1 மீண்டும் வெல்லும். நம் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களின் நீலத்திரை முன் 'இன்ட் என்றால் இரண்டு பைட்' என்று மனப்பாடம் செய்த தலைமுறையை இங்கே நினைவுகூர்தல் தகும். விதிநூல் சொன்னதோ, இன்ட் 16 பிட்டுக்குக் குறையக்கூடாது என்பது மட்டுமே.

−1ஐ லாங்காக்கிக் குறியில்லாத இன்ட் 1உடன் ஒப்பிடுக. 64 பிட் லினக்ஸில் லாங் 64 பிட், −1 சிறிது. 64 பிட் விண்டோஸில் லாங் 32 பிட்டே, −1 பெரிது. நிரல் ஒன்று, சிப் ஒன்று, தீர்ப்பு இரண்டு!

வடிவத்திலும் பிணக்குண்டு. எட்டு பிட்டில் −1ஐ 10000001 என்பார் ஒரு சாரார். 11111110 என்பார் மற்றொரு சாரார். இவ்விருவருக்கும் சுழியமே இரண்டு: +0, −0. சிடிசி 6600 கணினி இரண்டாம் நெறி. 11111111 என்பதே இன்றைய வழக்கு. மூன்றையும் பல்லாண்டு பொறுத்திருந்த விதிநூல், சி23 பதிப்பில்தான் மூன்றாவதை மட்டும் ஏற்றது. எதிர்க்கட்சி ஏறக்குறைய மறைந்தபின் வந்த துணிச்சல் அது.

இனிக் கோப்பின் முடிவு. அதைக் குறிக்கும் ஈஓஎஃப் வழக்கமாக −1. கெட்சார் தருவதைச் சார் வகை மாறியில் வாங்குவோர் உளர். சாருக்குக் குறி உண்டா என்பதை விதிநூல் கம்பைலரிடமே விட்டது. ஆர்ம் லினக்ஸில் குறி இல்லை. −1 அங்கே 255 ஆகி, கோப்பைப் படிக்கும் லூப் முடியவே முடியாது. இன்டெல் லினக்ஸில் குறி உண்டு. 255 என்னும் பைட் −1ஆக நடித்துக் கோப்பைப் பாதியிலேயே முடித்துவைக்கும். யுடிஎஃப்-8இல் எழுதிய தமிழில் 255 என்னும் பைட் வராது. எனவே தமிழ்க் கோப்பை மட்டும் வைத்துச் சோதிப்பவர் இன்டெலில் இப்பிழையை ஆயுளுக்கும் காணார்.

கம்பைலர் இதையெல்லாம் சொல்லாதோ எனின், குறி கலந்த ஒப்பீட்டை ஜிசிசி சொல்லும், கேட்டால். சி நிரலுக்கு 'ஆல்' எச்சரிக்கைக் கொடி அதைச் சொல்லாது. 'எக்ஸ்ட்ரா' கொடியும் சேர்க்கவேண்டும். ஐயமுள்ளோர் தம் பழைய நிரலில் இன்றே சேர்த்துப் பார்க்க.