கடாரத்தில் வாடகைக்கு

ராஜேந்திர சோழர் 1025-இல் கடாரத்துக்குக் கப்பற்படையை அனுப்பினார். நான் திருச்சியில் விமானம் ஏறி, ஏழு கிலோ கைப்பையோடு போனேன். அந்தக் கடாரம்தான் இன்றைக்கு மலேசியாவின் கெடா மாநிலம். அங்கே கூலிமில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. கிளம்பும்போது, "நம்ம ராஜா ஜெயிச்ச ஊருதானேடா, உனக்கென்ன பயம்?" என்று பெரியப்பா தெம்பு சொன்னார். கங்கைகொண்ட சோழபுரத்தில் பிறந்தால் இப்படி ஆயிரம் வருஷத்துச் சிபாரிசெல்லாம் கிடைக்கும்.

ஒரு ஊரை ஜெயித்துவிடலாம், அங்கே வீடு பிடிப்பதுதான் பெரும்பாடு. ராஜேந்திரருக்கு அந்தத் தலைவலியே இல்லை. அவர் படை கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்தது, யானைகளைப் பிடித்தது, வித்தியாதர தோரணத்தைக் கைப்பற்றியது, திரும்பிவிட்டது. இரண்டு மாத வாடகை முன்பணமாகக் கட்டியதாக எந்த மெய்க்கீர்த்தியிலும் இல்லை. நான் கட்டினேன். மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் தனியாக வேறு.

ஒருநாள் தேநீர் வேளையில், கூட வேலை பார்க்கும் மலாய்க்கார நண்பரிடம் எங்கள் ராஜாவின் படையெடுப்பை விஸ்தாரமாக எடுத்துவிட்டேன். பூஜாங் பள்ளத்தாக்கில் இருக்கும் பழைய கோயில் இடிபாடுகளைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்தவர் அவர். பொறுமையாகக் கேட்டு முடித்து, "அப்படியென்றால் நஷ்டஈடு பாக்கி இருக்கிறது, இன்றைக்கு டீக்கு நீயே காசு கொடு" என்றார். அன்று முதல் அவர் குடிக்கிற தே தாரிக் எல்லாம் சோழ சாம்ராஜ்யத்தின் கணக்கில்தான்.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை நான் ஷிப்டில் நிற்பேன். அம்மா வீடியோவில் கூப்பிட்டு, கொதிக்கிற நாட்டுக்கோழிக் குழம்பைப் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். அத்தை பத்து மணி சீரியல் முடித்துவிட்டுத்தான் பேசுவார். கெடாவில் அப்போது நடுராத்திரி ஒரு மணி. "தூங்கிட்டியா?" என்பார். தூங்கியவனிடம் கேட்கிற கேள்வியா அது!

லீவில் ஊருக்கு வந்தால் உபசாரம் வேறு மாதிரி. பேருந்தைவிட்டு இறங்கும்போது "எப்ப வந்தே?", மீன்சுருட்டியில் டீ குடிக்கும்போது "எப்ப போறே?" இரண்டுக்கும் நடுவே உட்காரச் சொல்ல ஆளில்லை. ஜெயங்கொண்டத்தில் முந்திரிப்பருப்பு விலை கேட்டு, "பரவாயில்லையே" என்று வாய்விட்டுவிட்டால் போதும், வியாபாரி உடனே அடுத்த ரகத்தை எடுத்து வைக்கிறார். வெளிநாட்டுச் சட்டையைக் கழற்றினாலும் முகத்தில் ஒட்டியிருக்கும்போல.

இந்த மனத்தாங்கலோடுதான் அத்தையோடு செங்கமேட்டுக் காளி கோயிலுக்குப் போனேன். அங்கே இருக்கும் செந்நிறக் கல் சிற்பங்கள் கலிங்கப் போரில் வென்று கொண்டுவந்தவை. அசல் வெளியூர்க்காரர்கள். எண்ணெய்க்காப்பு, பட்டு, பொங்கல் எல்லாம் குறைவில்லாமல் நடக்கிறது. நானோ வருஷா வருஷம் பர்மிட்டுக்கு வரிசையில் நிற்கிறேன்.

"பாத்தீங்களா அத்தை, இந்த அம்மாளும் வெளியூர்தான். 'எப்ப போறே'ன்னு ஒருத்தர் கேக்கறாங்களா?" என்றேன்.

அத்தை குங்குமத்தை நெற்றியில் இட்டுக்கொண்டு திரும்பினார்.

"அவ கேட்ட வரம் குடுக்கிறாடா. நீ போன தடவை பக்கத்து வீட்டுக்குக் கோடாலித் தைலம்கூடக் கொண்டாரல."