சொத்தையாரே, உம் பொறுமையே பொறுமை

சொத்தையாரே, உம்மைப் போல ஓர் உழைப்பாளியை நான் பார்த்ததில்லை. எங்கள் திருத்தணி மலைக்கு 365 படி. வருஷத்தில் நாளுக்கு ஒன்று என்பார்கள். பக்தர்கள்கூட கிருத்திகைக்குக் கிருத்திகைதான் ஏறுகிறார்கள். நீரோ அந்த 365 நாளும் குழந்தைகளின் கடைவாயை விட்டு நகருவதில்லை.

உமக்குத் தெரிந்த காலக்கணக்கு பெற்றவர்களுக்குத் தெரியாது. பிள்ளைக்கு ஆறு வயதாகும்போது, ஒரு பல்லும் விழாமலே, பால்பல் வரிசைக்குப் பின்னால் பெரிய கடைவாய்ப்பல் முளைக்கிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு. ஆயுசு முழுக்கச் சோறு மெல்ல வேண்டிய பற்கள். எதுவும் விழாமல் வந்ததால் வீட்டில் அவற்றையும் பால்பல் கணக்கிலேயே வைத்துவிடுகிறார்கள். நீர் ஒரு நாளும் அப்படி ஏமாந்ததில்லை. பல் முழுசாக வெளியே வருவதற்குள் இடம் பிடித்துவிடுகிறீர். பன்னிரண்டு வயதில் அடுத்த பல் வரும்போதும் அதே சுறுசுறுப்பு.

இடம் தேர்வதிலும் உம்மை மிஞ்ச ஆளில்லை. கடைவாய்ப்பல்லின் மேற்பரப்பு பள்ளமும் வெடிப்புமாக இருக்கும். சில வெடிப்புகள் பிரஷ்ஷின் ஒற்றை நாரைவிடக் குறுகல். எவ்வளவு தேய்த்தாலும் நார் அடிவரை இறங்காது. அங்கே உம் கிருமிப் படை சர்க்கரையை அமிலமாக்குகிறது. பி.எச். 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரைமணி நேரமாவது பிடிக்கும். அதற்குள் அடுத்த மிட்டாய் வந்துவிடும் என்று உமக்குத் தெரியும். ஒரே தரம் நிறையத் தின்பதைவிட, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பதுதான் உமக்கு விருந்து. முத்துசுவாமி தீட்சிதர் வாயில் இந்த மலையில்தான் முருகன் கிழவராக வந்து கற்கண்டு போட்டாராம். ஒரே ஒரு கற்கண்டு; கீர்த்தனை பிறந்தது. எங்கள் பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்குகிற பாக்கெட்டுகளால் வளர்ந்தவர் நீர்.

ஊரையும் நன்றாகத்தான் பார்த்தீர். கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் சூரசம்ஹாரம். சினம் தணிந்த தணிகையில் அது கிடையாது, புஷ்பாஞ்சலிதான். வலி எடுக்கும்வரை உம்மேலும் இங்கே யாருக்கும் கோபம் வருவதில்லை.

உமக்குப் பகைவர் இல்லாமல் இல்லை. ஃபுளோரைடு கலந்த பேஸ்ட் இருக்கிறது. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதன்பின் பட்டாணி அளவு, தினம் இரண்டு வேளை. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பல்லில் தடவுகிற ஃபுளோரைடு வார்னிஷ் இருக்கிறது. ஆனால் நீர் பகைவனின் பெயரையே கெடுத்து வைத்திருக்கிறீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்டது உண்மை; அதற்காகவே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது. அது வருஷக்கணக்கில் குடித்த தண்ணீர். தேய்த்துத் துப்புகிற பட்டாணி அளவுப் பேஸ்ட்டுக்கும் அந்தப் பயத்தையே பூசிவிட்டீர்.

உம் ஆயுதத்தை உம்மேலேயே திருப்பினவர் மைக்கேல் புவோனகோர். பல்லை அமிலத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் பிசின் கெட்டியாகப் பிடிக்கும் என்று 1955இல் காட்டினார். வெடிப்புகளை அடைக்கும் சீலன்ட் அதிலிருந்துதான் வந்தது. ஊசி இல்லை, ராவுதல் இல்லை, பல்லுக்குச் சில நிமிஷம். இத்தனை வருஷமாகியும் சீலன்ட் என்ற பெயர்கூடக் காதில் விழாத வீடுகள் எங்கள் ஊரில் எத்தனையோ. அந்த வெற்றி உம்முடையது. எனக்கு வயிறு எரிகிறது.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தோடு பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து எட்டு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். காவடி பார்த்த கையோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என் சிகிச்சை நாற்காலியில் ஏறினாள். கீழே வலப்பக்கப் பல்லில் எள் அளவு கறுப்பு. திறந்து பார்த்தால் உள்ளே மிளகளவு குழி. வாசலைச் சின்னதாக வைத்து வீட்டைப் பெரிதாகக் கட்டுகிற உம் கைவேலை அது.

“பால பள்ளே கதா சார்?” என்றாள் அம்மா தெலுங்கில், பால்பல்தானே என்று.

“காதம்மா, இது விழாத பல்லு” என்றேன். அவள் மகளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பல்லை அடைத்தேன். மற்ற மூன்றிலும் நீர் இன்னும் நுழையவில்லை. கழுவி, அமிலம் தடவி, மறுபடி கழுவிக் காயவைத்தேன். பல் சுண்ணாம்பு பூசினது போல வெளுத்தது. பிசின் சொட்டு விட்டதும் வெடிப்பெல்லாம் நிரம்பியது. நீல வெளிச்சத்தில் இருபது விநாடி. நாக்கால் தடவிப் பார்த்து, “வழவழன்னு இருக்கு” என்றது குழந்தை.

பூச்சு பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஆறு மாதத்தில் வரச் சொன்னேன். நீர் அதுவரை காத்திருப்பீர், தெரியும்.

“தை கிருத்திகைக்கு மலைக்கு வருவோமில்ல சார், அப்பவே கூட்டிட்டு வந்துடுறேன்” என்றாள் அம்மா.