கொதிநீரும் வெதுவெதுப்பும்: பட்டுப்பூச்சி – தயிர் பாக்டீரியா ஒப்பாய்வு

தனக்கு உழைக்கும் உயிரை மனிதன் எவ்வளவு மதிக்கிறான் என்பதை அவன் பேச்சை வைத்து அளக்க முடியாது. அதற்கு அவன் காட்டும் சூட்டை வைத்துத்தான் அளக்க வேண்டும். இக்கோட்பாட்டை நிறுவ, நம் வீட்டுக்குள் நெடுங்காலமாகப் புழங்கும் இருவர் போதும். ஒருவர் பாம்பிக்ஸ் மோரி. பீரோவில் புடவையாக மடிந்திருக்கும் அந்துப்பூச்சி. மற்றவர் லாக்டோபேசிலஸ் டெல்புருக்கி இனத்தின் பல்காரிக்கஸ் கிளை; 1905இல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர் தம் நாட்டுத் தயிரில் கண்டறிந்த பாக்டீரியா.

சான்றுகளைப் பார்ப்போம். மல்பெரி இலை தின்று வளர்ந்த புழு, ஒரே இழையால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. இழையின் நீளம் ஒரு கிலோமீட்டரைத் தொடுவதுண்டு. பூச்சி தானாக வெளியே வந்தால், தன் சுரப்பால் கூட்டை இளக்கி ஓட்டை போட்டுவிடும்; இழை அறுந்துபோகும். ஆகவே முன்கூட்டியே அதை ஆவியிலோ கொதிநீரிலோ வேகவைக்கிறார்கள். பாக்டீரியாவுக்கு நடக்கும் உபசாரமோ வேறு. பாலைக் காய்ச்சி, ஆறவிட்டு, சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, கை பொறுக்கும் சூடு வந்தபிறகே உறைமோர் விடுகிறோம். பல்காரிக்கஸுக்கு 42 டிகிரி செல்சியஸ் போல இருந்தால் சுகம். மார்கழிக் குளிரில் பாத்திரத்துக்குத் துணி சுற்றுவதும் உண்டு. துணி தந்தவருக்குக் கொதிநீர். துணியே கேளாதவருக்குப் போர்வை!

விதைக்கூடுகளை வேகவைக்காமல் விடுகிறார்களே என்று பட்டு வளர்ப்போர் மறுக்கலாம். விடுகிறார்கள்தான். ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டு வளர்ப்பில் அப்பூச்சி பறக்கும் திறனை இழந்துவிட்டது, உண்பதும் இல்லை. சில நூறு முட்டைகளை இட்டுச் சில நாட்களில் செத்துப்போகிறது. மோர்க்குழம்பில் பாக்டீரியாவும் வேகிறதே என்பது அடுத்த மறுப்பு. வேகிறது, ஆனால் இரண்டாகப் பிளந்தே பெருகும் உயிர் அது. குழம்பில் வெந்ததன் மறுபாதி உறைமோர்க் கரண்டியில் உட்கார்ந்திருக்கிறது. பூச்சிக்கு அந்த வசதி இல்லை, வெந்தது வெந்ததுதான்.

ஆக, இந்தப் பாரபட்சத்துக்கு அன்பும் காரணமல்ல, கொடுமையும் காரணமல்ல. பூச்சி வெளியே வராமல் இருந்தால்தான் நமக்கு லாபம். பாக்டீரியா உயிரோடிருந்து பால் சர்க்கரையைப் புளிப்பாக்கினால்தான் நமக்குச் சோறு இறங்கும். செத்தால் பயன்படுபவரைவிட, இருந்தால் பயன்படுபவரே மனிதனிடம் பிழைப்பார் என்பது இவ்வாய்வின் முடிவு. வாசகர்கள் இன்றிரவு தயிர்ச் சட்டியை வழிக்குமுன் ஒரு கரண்டி எடுத்து வைக்கவும். மறந்தால், காலையில் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.