ஏறும் வண்டிக்கே முதல் வழி: மாட் வரிசையியல் பற்றி ஓர் ஏற்காட்டு ஆய்வு

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. குறுகலான இடத்தில் ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் எதிரெதிரே வந்துவிட்டால், இறங்குவதுதான் ஓரங்கட்டி வழிவிட வேண்டும் என்றன 1989-ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகள். போக்குவரத்துத் துறையினர் இதை வெறும் சாலை விதி என்றே கருதி வந்திருக்கிறார்கள். ஒரே விளையாட்டில் இருநூறு மாட்களை ஏற்றிவைத்துவிட்டு, எது எதற்கு வழிவிட வேண்டும் என்று தெரியாமல் விடிய விடிய விழித்திருக்கும் இளைஞர் கூட்டத்துக்கு இதுவே மூலச் சூத்திரம் என்பது அறிஞர் உலகின் கவனத்துக்கு வரவில்லை. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு.

முதலில் ஆய்வுப் பொருள். விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் தராத ஒன்றை ஆட்டக்காரர்கள் தாங்களே செய்து சேர்ப்பதே மாட். ஒன்றிரண்டு இருந்தால் வம்பில்லை. இரண்டு மாட்கள் ஒரே பொருளைத் தொடும்போதுதான் யார் சொல் எடுபடும் என்ற கேள்வி எழுகிறது. இதில் இரு மரபுகள் உண்டு. பிராக் நகரத்து எஸ்சிஎஸ் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட யூரோ டிரக் சிமுலேட்டர் 2-இல், பட்டியலில் மேலே இருக்கும் மாட் வெல்லும். 2011-இல் வந்த ஸ்கைரிம் விளையாட்டிலோ கடைசியாக ஏறுவது, அதாவது கீழே இருப்பது வெல்லும். முன்னவரை மேலோர் என்றும் பின்னவரைக் கீழோர் என்றும் வழங்குவோம். 1989 விதி மேலோருக்கே சாதகம். ஏறிய வண்டி எப்படியும் இறங்கித்தானே ஆக வேண்டும் என்பது கீழோர் எழுப்பக்கூடிய தடை. இதற்கு விடை எழுதியவர் எவருமில்லை.

தமிழகச் சிறுவர்கள் பலருக்கு இந்த இயலின் பாலபாடம் கைப்பேசியில்தான் நடக்கிறது. இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017-இல் வெளியிட்ட பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியாவில் நம்மூர் அரசுப் பேருந்தும், பாட்டுப் போடும் தனியார் பேருந்தும் மாட்களாக ஓடுகின்றன. வண்டி மாட்கள் ஒன்றோடொன்று சண்டைக்குப் போவதில்லை. ஆனால் ஹாரன் ஒலியையோ எதிரே வரும் வண்டிகளையோ மாற்ற நினைப்பவர்கள் விளையாட்டின் தரவுகள் அடங்கிய ஓபிபி கோப்பையே மாற்றிவிடுவார்கள். அது இருப்பதோ ஒன்றே ஒன்று. நேற்று ஆசையாகப் போட்ட ஏர் ஹாரன், இன்று போட்ட டிராஃபிக் மாட்டோடு போய்விடும். நிஜச் சாலையில் பலகுரல் ஹாரனை மோட்டார் வாகன விதி தடை செய்கிறது. அந்த விதியை எந்த மாட் மேலெழுதியது என்பது தனி ஆய்வுக்கு உரியது.

சிக்கல் முற்றுவது ஸ்கைரிமில். அதைப் புரிந்துகொள்ளப் பவணந்தி முனிவரே போதும். நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாகப் பிரிக்கிறது அவருடைய நன்னூல். நிறுவனம் தரும் அடிப்படைக் கோப்பு முதல்நூல். அதன் வரிசை எண் 00. அதை யாரும் அசைக்க முடியாது. அதைப் பின்பற்றிப் போய், வேண்டிய இடத்தில் மட்டும் மாறுபடும் மாட் வழிநூல். இரண்டு வழிநூல்கள் ஒரே வாளைத் தொடுகின்றன என்று கொள்வோம். முதலாவது வாளின் எடையைக் குறைக்கிறது, இரண்டாவது விலையை ஏற்றுகிறது. எடை வேறு, விலை வேறு, ஆகவே இரண்டும் பலிக்கும் என்று யாருக்கும் தோன்றும். பலிக்காது. பின்னால் வருவது அந்த வாளின் பதிவை முழுதாக மேலெழுதிவிடும். விலை ஏறும், எடை பழையபடி கனக்கும். வரிசையைத் திருப்பினால் எடை குறையும், விலை பழைய விலைக்கே போகும். எப்படி அடுக்கினாலும் இரண்டும் சேர்ந்து கிடைக்காது. அப்போது இருவரிடமும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து மூன்றாவதாக ஒரு சிறு கோப்பு எழுதி, அதைக் கடைசியில் வைக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் அதைப் பேட்ச் என்பார்கள். முந்தைய இரு நூல்களோடும் ஒரு பகுதி ஒத்து, தனக்கென வேறுபாடும் உடையது சார்புநூல் என்ற இலக்கணம் இதற்கு அச்சாகப் பொருந்துகிறது.

லூட் என்ற மென்பொருள் நூற்றுக்கணக்கான மாட்களைச் சற்று நேரத்தில் வரிசைப்படுத்திவிடும். ஆனால் வரிசைதான் போடும், சார்புநூல் எழுதித் தராது. இதை அறியாமல் அதன் பொத்தானையே மறுபடி மறுபடி அழுத்துவது ஒருவகை ஜபம்.

களஆய்வுக்கு வருவோம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையே மாட் ஏற்றப்பட்ட நிலம் என்பது இக்கட்டுரையின் துணிபு. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அராபிகாச் செடிக்கு நிழல் வேண்டும். வெட்டவெளியில் விட்டால் தாங்கமுடியாத அளவு காய்த்துக் கிளை காய்ந்துபோகும். எனவே நிழல்மரம் முன்னே, காப்பி பின்னே. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதன் தண்டைப் பிடித்து மிளகுக் கொடி ஏறுகிறது. இந்த வரிசையைக் கலைத்துப் பாருங்கள். மரம் உயருமுன் கொடியை நட்டால் அது தரையில் படரும். கொடி ஏறியபின் மரத்தைப் பலகைக்கு விற்றால் மிளகும் சேர்ந்து விழும். தான் சார்ந்திருக்கும் மூலக்கோப்பு இல்லாத மாட்டை ஏற்றினால் ஸ்கைரிம் ஆட்டத்தைத் தொடங்கவே மறுத்து விழுந்துவிடும். எஸ்டேட் அவ்வளவு நேர்மையானது அல்ல, சேதியை அடுத்த மகசூலில்தான் சொல்லும். நிழல் மிகுந்தாலும் காப்பி சரியாகப் பூக்காது. அதற்காகக் கிளைகளைக் கழித்துவிடுகிறார்களே, அதுதான் பேட்ச். சார்புநூலை ஒருமுறை எழுதினால் போதாது, திரும்பத் திரும்ப எழுத வேண்டும் என்பது கணினியறிஞர்கள் இம்மலையிடம் கற்கவேண்டிய பாடம்.

எண்ணிக்கையிலும் ஒரு வரம்பு உண்டு. ஸ்கைரிமில் முழு அளவுக் கோப்புகள் 254-க்கு மேல் ஏறா. பின்னாளில் வந்த இலகு வகைக் கோப்புகளுக்குத் தனி இடம், அங்கே 4,096 வரை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024-இல் இ-பாஸ் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஸ்கைரிமில் கூட்டத்துக்குக் கணக்கு வைத்துவிட்டார்கள்.

நடு ஆட்டத்தில் மாட்டைக் கழற்றாதே என்பது மூத்தோர் வாக்கு. கழற்றினாலும் அதன் ஸ்கிரிப்ட்களின் மிச்சம் சேமித்த ஆட்டத்துக்குள் தங்கிவிடும். புதிதாகத் தொடங்குவதே உத்தமம் என்பார்கள். மலைக்கு அந்தப் பொத்தான் கிடையாது. காப்பியை வேரோடு பிடுங்கினாலும் காக்பர்னுக்கு முந்தைய காடு திரும்பாது. மூலக் கோப்புகளில் சிலவற்றையாவது பத்திரப்படுத்தும் வேலையை ஏற்காட்டிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் செய்துவருகிறது.

இனி முறையியல். இருநூறு மாட்களுடன் ஆட்டம் படுத்துவிட்டால் ஒவ்வொன்றாகச் சோதிப்பது வீண். பாதியை அணைத்து ஓட்ட வேண்டும். ஓடினால் குற்றவாளி அணைத்த பாதியில், ஓடாவிட்டால் மற்றதில். இப்படிப் பாதி பாதியாகக் கழித்தால் அதிகம் போனால் எட்டுச் சுற்றில் ஆள் அகப்படுவான். ஒரு மூலத்தை அணைத்தால் அதைச் சார்ந்தவற்றையும் கூடவே அணைக்க வேண்டியிருப்பதால் நடைமுறையில் கணக்கு நீளும். எஸ்டேட்டில் இம்முறையைக் கையாள எந்த முதலாளியும் அனுமதிக்கமாட்டார். கணினியில் தடையில்லை. டிராகன்களை மாற்றிய பெரிய மாட்தான் பிடிபடப்போகிறது என்று ஆய்வாளர் விடியற்காலை வரை காத்திருப்பார். பிடிபடுவது கோழி இறகுக்கு நிறம் கொடுக்கும் மாட்டாக இருக்கும். அதைக் கழற்றவும் மனம் வராமல், பட்டியலில் ஒரு படி கீழே இறக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்ப்பார்.