வால் மாற்றும் வினை: ஸ்பானிய சப்ஜங்டிவ் குறித்து ஒரு சிற்றாராய்ச்சி

விழைவும் ஐயமும் வேண்டலும் மகிழ்வும்
முன்வரின் பின்வரும் வினைவால் திரியும்.

நூற்பா இயற்றியவர் யாமே. பிறர் உரை எழுதக் காணோம். ஆதலின் உரையும் யாமே.

'ஹுவான் வருகிறான் என்று நினைக்கிறேன்' என்றால் ஸ்பானிய மொழியில் அந்த வருகை 'பியேனே'. நினைக்கவில்லை என்று சொன்னால் அதே வருகை 'பெங்கா' ஆகிவிடும். 'ஆ'வில் முடிவது 'ஏ' ஆகும் (ஆப்லா, ஆப்லே). 'ஏ'யில் முடிவது 'ஆ' ஆகும் (கோமே, கோமா). இப்படி வினைகள் வாலை மாற்றிக்கொண்டு திரிவதே சப்ஜங்டிவ்.

ஸ்பானிய மொழிக்கு நெப்ரிஹா எழுதிய இலக்கணம் 1492இல் சாலமாங்காவில் அச்சானது. இதனால் என்ன பயன் என்று அரசி இசபெல் கேட்டதாக அவரே முன்னுரையில் எழுதியிருக்கிறார். சப்ஜங்டிவ் பாடம் வந்ததும் மாணவர்கள் இன்றும் அரசி கட்சிதான்.

'உறுதியில்லாததைச் சொல்லவே இவ்வடிவம்' என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? ஹுவான் வந்தேவிட்டான், கூடத்தில் உட்கார்ந்து ஆலிவ் தின்கிறான். 'நீ வந்ததில் சந்தோஷம்' என்கிறாள் வீட்டுக்காரி. அங்கும் சப்ஜங்டிவ்! தட்டில் கொட்டை குவிந்த பிறகும் என்ன ஐயம்? ஐயமே இல்லை. வந்தது அவனுக்கே தெரியும். அவள் சொல்லும் சேதி தன் சந்தோஷம் மட்டுமே. 'இது நடக்கிறது, நான் சொல்கிறேன்' என்று பேசுபவர் கையெழுத்திடும் வினைக்கு இயல்பான வால்; கையெழுத்தில்லாமல் உடன் அனுப்பும் வினைக்கு மாற்று வால். இதுவே எம் துணிபு.

அஃதேல், 'வரும்போது' என்பதற்கு எது? 'குவாந்தோ பியேனே' என்றால் வழக்கமாக வருகிறவன். பழைய வருகைகள் சாட்சி. 'குவாந்தோ பெங்கா' என்றால் இன்னும் வரவில்லை. அடுப்பை அவசரப்பட்டு மூட்ட வேண்டாம். அரபி வழிவந்த 'ஒஹாலா' (நடக்கட்டுமே!) முன்னால் நின்றால் விவாதமே கிடையாது, எப்போதும் சப்ஜங்டிவ். 'ஒருவேளை'க்குப் பின் இரண்டும் செல்லும், அவரவர் துணிச்சல். இறந்தகாலத்துக்கு 'ரா', 'சே' என இரண்டு வால்கள். பெரும்பாலும் எதை ஒட்டினாலும் குற்றமில்லை.

எதிர்கால சப்ஜங்டிவ் என்றும் ஒன்று உண்டு. பேச்சில் அநேகமாக மாண்டுவிட்டது. பழமொழிகளிலும் சட்டத்திலும் உயிரோடிருக்கிறது. ஸ்பெயினின் 1995ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் கொலை செய்பவருக்கு உரிய வினை 'மாத்தாரே'. அது தம்மையே சுட்டி ஒலிக்கக் கேட்க விரும்பும் மாணவர் முதலில் ஒரு கொலை செய்தாக வேண்டும். கள ஆய்வின் அப்பகுதியைப் பிறருக்கு விட்டுவிட்டோம்.