கழற்றி மாட்டற் கோட்பாடு: புதுக்கோட்டை மாவட்ட இல்லக் கணினிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

இல்லக் கணினி என்பது யாதோ எனின், துண்டு போர்த்தி, மேலே சாவிக்கொத்தும் இ.பி. அட்டையும் வைக்கப்பட்டு, பிள்ளைகளின் கவுன்சலிங் விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று மட்டும் இயக்கப்படுவது என்க. 2011இல் அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழி வந்ததும், சென்னையில் அண்ணன் புதிது வாங்கியதால் ஊருக்குத் தள்ளிவிடப்பட்டதும் என இஃது இருபாற்படும். கடையில் காசு கொடுத்து வாங்கியதென மூன்றாம் பால் ஒன்று உண்டு என்பார் உளர். அவர் கடைக்காரர் ஆதலின் அக்கூற்றை விடுக்க.

ஆய்வுக் களம், 1974 ஜனவரி 14 அன்று தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து பிரித்து அமைத்த புதுக்கோட்டை மாவட்டம். வீட்டுக்குக் கணினி வருமுன்பே மாவட்டம் வந்துவிட்டது என்பது இவ்வாய்வின் முதற் கண்டுபிடிப்பு. இந்த இடத்தில் மழையளவு, மண்வகை, ஆடுமாடு எண்ணிக்கை என்று ஓர் இயலையே நிரப்புவது முனைவர் பட்ட மரபு. டி.டி.பி. கூலி ஏறிவிட்டபடியால் மண்வகை மட்டும் பின்னால் வரும், அதுவும் தேவை இருப்பதால்.

சிக்கல்களின் வகைமை வருமாறு. கடவுச்சொல்லை ஏற்காமை: கேப்ஸ் லாக். திரையில் ‘நோ சிக்னல்’: பின்னால் வயர் தளர்ந்திருக்கும். பிரிண்டர்: இது கணினியியலில் அடங்காது, ஊழ்வினையில் அடங்கும்.

நான்காவது, அப்படியே நின்றுபோதல். இதற்குரிய மூலபாடம் மாவட்டம் முழுதும் ஒரே வடிவில் கிடைக்கிறது. வினா: “தம்பி, சிஸ்டம் அப்படியே நிக்குதுப்பா.” விடை: “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சித்தப்பா.” விடை சொல்பவன் தட்டில் இருக்கும் தோசையிலிருந்து கண்ணை எடுப்பதில்லை என்பதும் எல்லாப் பிரதிகளிலும் காணப்படுகிறது (பக்கத்து வீடு, வாய்மொழி, இரவு உணவு நேரம்). விடை சரியானதே. ரேம் என்னும் தற்காலிக நினைவகம் மின்சாரம் உள்ளவரைதான் எதையும் வைத்திருக்கும். அணைத்தால் அதிலிருந்த குழப்பமும் சேர்ந்தே போய்விடும்.

ஆனால் 2012இல் விண்டோஸ் 8 வந்தது, உரைமரபு உடைந்தது. அது முதல் பெரும்பாலான கணினிகளில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் திறந்த செயலிகள் மூடப்படும், இயங்குதளத்தின் உட்கரு மட்டும் ஹார்ட் டிஸ்கில் எழுதி வைக்கப்படும், மறுநாள் அதுவே திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். விரைவாகத் திறக்க வேண்டுமாம். எனவே, “நான்தான் தினம் ராத்திரி அமத்திடறனேப்பா” என்று சொல்லும் சித்தப்பாவின் கணினி உண்மையில் பல வாரமாக அணையவே இல்லை. டாஸ்க் மேனேஜரில் சிபியு பகுதியைத் திறந்தால் ‘அப் டைம்’ என்ற இடத்தில் அந்தக் கணக்கு நாள் கணக்காக நிற்கும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் துடைத்துப் புதிதாகத் தொடங்கும். ஆக, அணைத்தல் அணைத்தல் அன்று, அணைக்காததே அணைத்தல் ஆகும். இந்த ஒரு வரிக்காகவே இக்கட்டுரையைத் தத்துவத் துறைக்கும் அனுப்ப எண்ணம்.

ஐந்தாவது, காலக்கணிப்புச் சிக்கல். நெடுநாள் மின்இணைப்பு இல்லாமல் கிடந்த கணினியை இயக்கினால் அது தன்னை 2009 ஜனவரி 1 என்று அறிவித்துக்கொள்வதுண்டு. வேறு சில 2002 என்கின்றன. அகச்சான்றே சான்று என்பார் அந்தந்த ஆண்டையே கொள்வர். புறச்சான்றினர் பில்லைத் தேடுவர், பில் கிடைக்காது. இந்த மாவட்டத்துக்கு இது புதிதன்று. சித்தன்னவாசல் ஓவியங்களை மகேந்திரவர்ம பல்லவன் காலத்தவை என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டு அங்கேயே பாறையில் இருக்கிறது. முந்தைய கட்டுரையைப் பார்த்து அடுத்த கட்டுரையை எழுதுவோர் பாறை வரை போவதில்லை, வெயில் அதிகம்.

கணினி விஷயத்தில் பாறை மதர்போர்டு. அதில் பதிந்திருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது, அவ்வளவே. அதன் பெயர் சிஆர்2032. குறுக்களவு 20 மி.மீ., கனம் 3.2 மி.மீ. எனப் பெயருக்குள்ளேயே அளவு அடங்கிவிடும். மின்னழுத்தம் 3 வோல்ட். ஒருபக்கம் பிரகதாம்பாளும் மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்தும் கொண்ட அம்மன் காசைப் பற்றி இவ்வளவு எழுதிய ஊர், ஒருபக்கம் கூட்டல் குறி பொறித்த இந்தக் காசைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. கூட்டல் குறி பெரும்பாலும் மேலே தெரியவேண்டும் என்பதையாவது யாரேனும் பதிவு செய்திருக்கலாம். விளைவும் சிறிதன்று. இணையதளம் ஒவ்வொன்றின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. 2009இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவில்லை. தளம் திறக்காது. வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்க்காமல் நெட் கொடுத்தவரைத் திட்டுவார் (சான்று: தெருமுனை, இரு தரப்பு உரத்த குரல், ஒரு தரப்பு ஹெல்மெட்டோடு).

இனி நூலின் உயிர்நிலையாகிய ரப்பர் இயல்.

மின்விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுத்துக் கிடக்கும். டெஸ்க்டாப் ஆனால் உள்ளிருந்து நீண்ட பீப் ஒலி வரும். ரேமைக் காணவில்லை என்று அது அழுகிறது. “ரேமைக் கழட்டி ரப்பர் போட்டுத் தேய்ச்சு மாட்டுங்க” என்பது இதற்குரிய நூற்பா. எந்த ரப்பர் என்று நூற்பா கூறாமையால் அறிஞர் பிளவுபட்டனர்.

வெள்ளை ரப்பர் மரபினர், பள்ளிப் பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுப்பதே தொன்மை என்பர் (கடைக்காரர் ஒருவர், வாய்மொழி, டீ வருமுன்). இருதலை ரப்பர் மரபினர், சிவப்பும் நீலமுமான ரப்பரின் நீலத் தலையே அழுத்தமானது, அழுத்தமே வீரம் என்பர் (மேற்படி கடைக்காரரின் போட்டிக் கடைக்காரர், டீ வந்தபின்). இவருள் முன்னவரே சரி. நீலத் தலை மையைச் சுரண்டுவதற்காக நறநறப்பாகச் செய்யப்பட்டது. டெஸ்க்டாப் ரேமின் விளிம்பில் டிடிஆர்3 என்றால் 240, டிடிஆர்4 என்றால் 288 தொடுமுனைகள். அவற்றின் மேல் தங்கப்பூச்சு மிக மெல்லியது. நீலத் தலையால் நாலு இழுப்பு இழுத்தால் தங்கம் ரப்பரோடு போய்விடும். இவ்வூரில் தங்கத்தை அந்த முறையில் தேய்ப்பவர் ஆசாரி மட்டுமே, அவரும் தூளைச் சேர்த்து வைத்துக்கொள்வார்.

ரேம் ஏன் அழுக்காகிறது என்பதில் திணைவேறுபாடு உண்டு, மண்வகையை இங்கே காண்க. கந்தர்வகோட்டைப் பக்கம் செம்மண் தூசி உள்ளே படியும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் கரையோரம் உப்புக் காற்று தொடுமுனையை அரிக்கும். ஆதலின் செம்மண் கொள்கையினர் ஊதினால் போதும் என்பர், உப்புக் கொள்கையினர் தேய்க்காமல் தீராது என்பர். இரண்டுக்கும் நடுவில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் அறந்தாங்கி நடுநிலைக் கொள்கை, ஊதிவிட்டுத் தேய்க்கவேண்டுமா, தேய்த்துவிட்டு ஊதவேண்டுமா என்ற வினாவில் தானே இரண்டாயிற்று (காண்க: பில்லின் பின்புறப் பென்சிற் குறிப்பு, டீக்கறை படிந்த மூன்றாம் வரி, அவ்வரியின் பாடபேதத்துக்கு அதே பில்லின் ஜெராக்ஸ், ஜெராக்ஸில் மறைந்துபோன சொல்லுக்குக் கடைப்பையன் நினைவிலிருந்து கூறியது, அவன் கூறியதை மறுத்து அவன் முதலாளி முறைத்தது). தேய்த்துவிட்டு ஊதுவதே ஏற்புடைத்து, ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் விழக்கூடாது. ஈர வாயால் ஊதாமல் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுவது அதனினும் நன்று.

இந்தக் கொள்கைகளை எல்லாம் அறிமுகம் செய்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, “மேலாய்வுக்கு இடமுண்டு” என்று முடிக்கும் கட்டுரைகள் பல கருத்தரங்க மலர்களில் வருகின்றன. மலருக்குக் கட்டுரையாளரே காசு கட்டுகிறார், கட்டுரையாளரே வாங்குகிறார், கட்டுரையாளர் தம் பக்கத்தை மட்டும் படிக்கிறார். அதில் ஒருவரும் கணினியின் பக்கவாட்டு மூடியைத் திறந்ததாகக் குறிப்பில்லை. மூடியில் ஸ்க்ரூ இரண்டே.

திறப்போர்க்கு மட்டும் ஒரு புறனடை. முதலில் பிளக்கைப் பிடுங்குக. உடம்பில் தங்கும் நிலைமின்சாரம் சில்லைக் கெடுக்கும் ஆதலின் கேபினட்டின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்க. தொடுமுனையை விரலால் தொடாது ஓரம் பிடித்துக் கழற்றுக. மாட்டும்போது ரேமின் வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்தவேண்டும். பொருந்தவில்லையெனில் திருப்பிப் பிடிக்க, அமுக்காதே. பொருந்தியபின் அமுக்கினால் ஓரத்துப் பூட்டு ‘டக்’ என விழும். அந்த ஒலி கேட்கும்வரை சொல்லப்பட்ட எதுவும் நடந்ததாகக் கொள்ளற்க.

இக்கோட்பாட்டுக்கு எதிர்ச்சான்றாக ஒரு நிகழ்வு காட்டப்படுகிறது. உப்பா செம்மண்ணா என்ற விவாதம் ஒரு வீட்டு முன்னறையில் உச்சத்திலிருந்தபோது, எதிர்வீட்டுப் பாலிடெக்னிக் மாணவன் வந்து, ரேமைக் கழற்றி, தன் தங்கையின் வெள்ளை ரப்பரால் இரண்டு இழுப்பு இழுத்து, மாட்டிவிட்டுப் போய்விட்டான். கணினி ஓடியது. எனினும் அவன் கருதுகோள் எதையும் முன்வைக்கவில்லை, முன்னாய்வுகளைச் சுட்டவில்லை, அவனுக்கு நெறியாளரும் இல்லை. ஆதலின் கணினி ஓடியதை இவ்வாய்வு சான்றாக ஏற்கவில்லை. விவாதம் அதன்பின்னும் தொடர்ந்தது.